உங்கள் பெயரில் எது பெயர்? சேலத்திலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கமிருந்து கிளம்பி இப்போதுதான் வெளிநாட்டில் இறங்கியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்து அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போன மாதம் மேற்படிப்புக்குப் போனாள். போன மூன்றாம் நாளே போன் வந்தது. "அண்ணா, பேங்க்ல என் பேரையே காணோம். அப்பா பேர்ல கார்டு அடிச்சுக் கொடுத்துட்டாங்க."

வீடு பிடிப்பது, சிம் வாங்குவது, அரிசி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. பெயரைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

எனக்கும் இது நடந்தது. பள்ளிச் சான்றிதழில் எனக்கு இரண்டு இனிஷியல். முதல் எழுத்து ஊர், இரண்டாவது அப்பா. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்படி விரித்ததில் 'சேலம்' என் சர்நேமில் போய் உட்கார்ந்துகொண்டது. வளைகுடாவில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோருக்கும் நான் மிஸ்டர் சேலம். கூட வேலை செய்த அரபுக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது தன் தாத்தாவின் பெயர் என்றார். அரபியில் சாலெம் என்றால் குறையின்றிப் பத்திரமாக இருப்பவன் என்று பொருள். சலாம் என்ற சொல்லுக்கும் அதுவே வேர். எபிரேயத்தில் ஷாலோமும் அதே குடும்பம்தான். பைபிளில் வரும் சாலேம் நகரத்தின் பெயரைத்தான் 1620களில் அமெரிக்காவுக்குப் போனவர்கள் மாசசூசெட்ஸில் தங்கள் ஊருக்கு வைத்தார்கள். ஒரேகான் மாநிலத்தின் தலைநகருக்கும் அதே பெயர். நம் ஊருக்கும் இவற்றுக்கும் உறவில்லை. மலை என்று பொருள்படும் சைலம் என்ற சொல்லிலிருந்து சேலம் வந்தது என்பார்கள். சுற்றிலும் மலை இருக்கும் ஊருக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிறந்த ஊர் கேட்கும் படிவத்தில் 'சேலம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க ஊரை எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு, இந்தியா என்று முழுதாக எழுதுங்கள்.

சரி, சர்நேம் கட்டத்துக்கு வருவோம். பாஸ்போர்ட்டில் அது காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. பிறகு, அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. ஆகவே பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது முதல் வேலையாக அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். அதுவரை வங்கி, ஓட்டுநர் உரிமம், கல்லூரி, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி இருக்கட்டும். ஓரிடத்தில் மாறினாலும் பிறகு அலைச்சல்தான்.

எதைக் கொண்டு நிரப்புவது? அப்பா பெயரையோ அம்மா பெயரையோ போடுங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று தாத்தா காலத்துச் சாதிப் பட்டத்தைத் தேடிப் பிடித்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கிறது. அந்தக் கட்டம் தானாகக் காலியாகவில்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எத்தனையோ குடும்பங்கள் அப்படி விட்டுவிட்டன. நம் பக்கத்து ஈரோட்டுக்காரர் ஈ.வெ.ரா.வின் பெயரிலேயே ஊர், அப்பா, தன் பெயர் மூன்றும் இருக்கின்றன, பட்டம் இல்லை. அவர்கள் விட்டதை ஒரு விசா படிவத்துக்காக நாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடும்பப் பெயர் இல்லாதது ஏதோ குறை என்று யாராவது பேசினால் தயங்காமல் விளக்குங்கள். ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலோருக்கு அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பதுதான் வழக்கம். யோனின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். துருக்கியில் 1934இல் சட்டம் போட்டுத்தான் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வந்தது. மியான்மரில் இப்போதும் கிடையாது. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் தாண்ட்தான், 'ஊ' நம் 'திரு' மாதிரி. மலேசியா போகிறவர்களுக்குக் கவலை குறைவு. அங்கே நம்மவர் பெயரில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று மகன், மகள் உறவைச் சேர்த்து எழுதுவது பழைய வழக்கம்.

அப்புறம் உச்சரிப்பு. ழகரத்துக்கு நாம் போடும் 'இசட் ஹெச்' வெளியே யாருக்கும் புரியாது. கனிமொழி, கனிமொசி ஆகிவிடுவாள். முதல் நாளே பெயரைப் பிரித்துச் சொல்லுங்கள், பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொருள் தெரிந்தால் மறக்க மாட்டார்கள். மாலா என்பது ஸ்பானிஷ்காரர் காதில் 'கெட்டவள்' என்று விழும், பூமாலை என்று சொன்னால் முகம் மாறும். மணி இத்தாலிய மொழியில் கைகள், ஐஸ்லாந்தில் நிலா. சாமி பின்லாந்தில் சாதாரணமாக ஆண்களுக்கு வைக்கும் பெயர். சுருக்கிக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால் சுருக்கத்தை நீங்களே கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வாய்க்கு வந்தது நின்றுவிடும். சேர்வராயன் மலை வெள்ளைக்காரர் வாயில் ஷெவராய் ஆனது. அந்தப் பெயர் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சமூகத்தின் பெயர் மலையாளி என்பதால் கேரளத்துக்காரர்கள் ஆசையாக வந்து மலையாளத்தில் பேசுவார்கள். இது மலைவாழ் மக்களைக் குறிக்கும் பெயர், வீட்டில் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள் என்று பொறுமையாக விளக்குங்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றியும் சொல்லுங்கள், கேட்க ஆவலாக இருப்பார்கள்.

குழந்தை பிறக்கப்போகிறது என்றால் இன்னொன்று. பல நாடுகளில் ஆஸ்பத்திரியிலேயே பிறப்புப் படிவத்தை நீட்டிவிடுவார்கள். தூக்கமில்லாத அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. சர்நேம் கட்டத்தில் யார் பெயர் என்று ஒரு மாதம் முன்பே இருவரும் பேசி, எழுத்துப் பிழையில்லாமல் ஒரு தாளில் எழுதி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையில் வைத்துவிடுங்கள்.