கடற்காற்றிலும் சொதப்பாத சர்க்கரை வேக்ஸ்: வீட்டிலேயே செய்யலாம்

கை, கால் முடியை எடுக்க மாதாமாதம் பார்லருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சர்க்கரையும் எலுமிச்சையும் போதும். வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் பாதிக்கு மேல் ஏசி அறையில் எடுத்தவை. வடசென்னைக் கடலோரம், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் அதை அப்படியே செய்தால் வேக்ஸ் பிசுபிசுவென்று தோலிலேயே தங்கிவிடும், துணியோடு வராது. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் தோலும் எப்போதும் வியர்வையில் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்பு.

இது கை, காலுக்கு மட்டும். முகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சாமான்கள்

2 கப் சர்க்கரை, கால் கப் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர். பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். நான்ஸ்டிக்கின் கறுப்பு அடியில் பாகின் நிறம் தெரியாது. எலுமிச்சையைக் குறைக்காதீர்கள். அதன் புளிப்புதான் சர்க்கரையை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்து, பாகு மறுபடி பூத்துப்போகாமல் காக்கிறது.

கடையில் விற்கும் பேப்பர் ஸ்ட்ரிப் எனக்குப் பிடிக்காது, பாதியில் கிழியும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் காடாத் துணி வாங்கி, மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பழைய ஜீன்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. வெந்நீரில் அலசிக் காயவைத்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் ஒருவர் துணியை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

பதம்

எல்லாரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். மூன்றையும் கலந்து மிதமான தீயில் வையுங்கள். கொதி வந்த பிறகு கரண்டி போடாதீர்கள், வேண்டுமானால் பாத்திரத்தைப் பிடித்து லேசாகச் சுழற்றலாம். "பத்து நிமிடம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுப்பையும் பாத்திரத்தையும் பொறுத்து நேரம் மாறும்.

நிறம் இளம் தேன் போல வந்ததும் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து, பாகைச் சொட்டு விடுங்கள். அதிரசத்துக்குப் பார்ப்பீர்களே, அதே சோதனைதான். தண்ணீரில் கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டும்போது உருண்டு, கொஞ்சம் கெட்டியாக, அழுத்தினால் மெதுவாக அமுங்க வேண்டும். "டக்" என்று உடைந்தால் கடலை மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விட்டது. பயப்பட வேண்டாம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி சூடாக்குங்கள். பாகு தெறிக்கும், தள்ளி நில்லுங்கள்.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 118 முதல் 121 டிகிரி செல்சியஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் 121 பக்கமே இறக்குங்கள்.  மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். நீர்த்துப்போயிருந்தால் திரும்பக் கொதிக்கவிட்டுப் பதம் பாருங்கள்.

போடுவது, இழுப்பது

முடி 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் பிடி கிடைக்காது. குளித்த கையோடு உட்காராதீர்கள். தோலை நன்றாகத் துடைத்து, ஃபேன் காற்றில் ஆறி, பவுடரை லேசாகத் தடவிக்கொள்ளுங்கள். பாகு வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சர்க்கரைப் பாகின் சூடு எண்ணெய்ச் சூடு மாதிரி கொப்பளமாக்கும், அவசரம் வேண்டாம்.

முடி வளரும் திசையில் மெல்லிசாகத் தடவுங்கள். துணியை வைத்து அழுத்தித் தேயுங்கள். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதிர்த்திசையில் ஒரே இழுப்பு. மேலே தூக்கி இழுக்காமல் தோலை ஒட்டியே இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், மிஞ்சிய முடியை ட்வீசரால் எடுத்துவிடலாம். பிசுக்கு தண்ணீரிலேயே போய்விடும். போர் தண்ணீரே போதும், கேன் தண்ணீரை வீணாக்காதீர்கள். பிறகு அன்றைக்கு வெந்நீர்க் குளியல், வெயில், சென்ட் எதுவும் வேண்டாம்.

பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினாயின் க்ரீம் தடவும் இடத்தில் வேக்ஸ் போடாதீர்கள், தோலே உரிந்து வரும். பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்திய பிறகும் 6 மாதம் பொறுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை

படித்த பலரும் தாடை முடிக்கு இதைப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்பேன். நம் மாநிறத் தோலில் முகத்தில் வேக்ஸ் போட்டால் கறுத்துத் திட்டாக நிற்க வாய்ப்பு அதிகம். மேலுதட்டுக்கு த்ரெட்டிங் போதும். தாடைக்கு முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேசரே நல்லது. ஷேவ் செய்தால் அடர்த்தியாக வளரும் என்பது வெறும் பேச்சு. நுனி மழுங்கலாக வெட்டுப்படுவதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கஸ்தூரி மஞ்சள் முடியை வேரோடு எடுக்காது.

ஆனால் தாடை, மார்பு, அடிவயிற்றில் தடித்த கறுப்பு முடி வந்து, பீரியட்ஸும் தள்ளிப்போகிறது என்றால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம். ஹார்மோனைக் கவனிக்காமல் முடியை மட்டும் எடுத்தால் வந்துகொண்டேதான் இருக்கும். திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, குரல் கரகரத்தாலோ தாமதிக்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டலாம். லேசர் செய்வதாக இருந்தால் எந்த மெஷின் என்று கேளுங்கள். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் வகைதான் அதிகப் பாதுகாப்பானது. நரைத்த முடிக்கு எந்த லேசரும் வேலை செய்யாது.

இன்னொருவர் பாத்திரத்தில் பாகு கல்லாகிவிட்டது என்றார். சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஒரு கொதி விட்டால் தானே கரைந்துவிடும்.