பாரிஸில் சாப்பாட்டுக் காசு: கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு நல்ல உணவகத்தில் 2,000 ரூபா என்று பார்த்து எடுத்த தட்டு, 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 18% வற் வரியும் ஏறி 2,600 ரூபாவுக்குக் கிட்ட வந்து நிற்கும். பாரிஸில் அந்த வேலை இல்லை. விலைப்பட்டியலில் 18 யூரோ என்றால் கொடுப்பதும் 18 யூரோதான். வரி, சேவை எல்லாம் விலைக்குள்ளேயே அடக்கம், அது சட்டம். பில்லின் அடியில் ‘சேர்விஸ் கொம்ப்ரி’ என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது. ஆகவே டிப்ஸ் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிடித்திருந்தால் ஓரிரு யூரோ சில்லறை வைக்கலாம். இப்போது சில கடைகளில் அட்டை இயந்திரமே டிப்ஸ் கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினால் யாரும் முகம் சுளிக்க நியாயமில்லை.

அப்படியிருந்தும் ஊரிலிருந்து போகிறவர்களின் பில் ஏன் எகிறுகிறது? சாப்பாட்டை விட மூன்று விஷயங்கள்தான் காரணம்: எங்கே இருந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன குடித்தீர்கள்.

குடிப்பதிலிருந்து தொடங்குவோம், காசு அதிகம் கரைவது அங்கேதான். “வாட்டர்” என்று மட்டும் சொன்னால் போத்தல் தண்ணீர் வரும், 5 முதல் 7 யூரோ. யூரோவை 350 ரூபா என்று வைத்தால், வெறும் தண்ணீருக்கு 1,750 முதல் 2,450 ரூபா வரை. “உன் கராஃப் தோ, சில் வூ ப்ளே” என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு குடுவையில் வரும், காசில்லை. சாப்பாட்டோடு தண்ணீரும் பாணும் இலவசம் என்பது 1967ஆம் ஆண்டிலிருந்து உள்ள விதி. குழாய்த் தண்ணீர் இலவசம் என்று கடைகள் எழுதிக் காட்டவும் வேண்டும். வெளியே நடக்கும்போது போத்தல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்பவரின் செலவில் வைக்கத் தொடங்கிய கரும்பச்சை நீரூற்றுகளில் குடிதண்ணீர் வரும். குளிர்காலத்தில் சிலவற்றை மூடிவிடுவார்கள்.

மேசையில் ஒரு சின்னக் கோலாவின் விலை 4, 5 யூரோ. அதே காசுக்குப் பல இடங்களில் ஒரு கிளாஸ் வைன் வந்துவிடும். பியர் குடிப்பவர்கள் ‘தெமி’ என்றால் 25 சென்டிலீற்றர், ‘பான்ற்’ என்றால் 50 என்று தெரிந்து கேட்க வேண்டும். மாலை 5 முதல் 8 மணி வரை பல பார்களில் ஹேப்பி அவர் உண்டு, பான்ற் விலை நன்றாக இறங்கும். தேத்தண்ணிப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கபேயில் தேத்தண்ணி என்பது ஒரு கோப்பை சுடுதண்ணியும் ஒரு பையும், 5 யூரோ வரை. நம்மூர்த் தேயிலைப் பக்கெட் ஒன்றையும் ஒரு சின்னக் கேத்திலையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது நல்லது. மலிவு ஹோட்டல் அறைகளில் கேத்தில் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது இடம். ஒரே கடையில் ஒரே கோப்பிக்கு விலை மாறும். கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஏறத்தாழ 1.50 முதல் 2 யூரோ. வெளியே கதிரையில் இருந்தால் 3, 4. ஐபெல் கோபுரம், சாம்ப்ஸ் எலிசே பக்கம் இன்னும் மேலே போகும். ‘கொந்த்வார்’ என்பது கவுண்டர், ‘தெராஸ்’ என்பது வெளி மேசை. வெறுமனே ‘கபே’ என்றால் சின்னக் கோப்பையில் கறுப்புக் கோப்பி. கொஞ்சம் பால் வேண்டுமென்றால் ‘நுவாசெத்’. ‘கபே க்ரேம்’ கேட்டால் விலை இரட்டிப்பாகும்.

நேரம் தவறினால் பணமும் போகும், பசியும் தீராது. மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கி 2 மணி, மிஞ்சினால் 2.30 வரைதான். பிறகு சமையலறையை மூடி இரவு 7 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மூன்று மணிக்குச் சாவகாசமாகச் சாப்பிடும் கொழும்புப் பழக்கத்தோடு போனால், நாள் முழுக்கத் திறந்திருக்கும் சுற்றுலாக் கடைதான் அகப்படும், அங்கே மலிவு செட் இருக்காது. கிழமை நாட்களில் மதியம் ‘ஃபோர்முல்’ என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைத் தேடுங்கள்: இரண்டு பதார்த்தம், 16 முதல் 22 யூரோ. அதே சாப்பாடு இரவில் தனித்தனியாக எடுத்தால் 30ஐத் தாண்டும். ஆகவே பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்து, இரவை எளிமையாக முடிக்க வேண்டும்.

இங்கே சொற்களில் ஒரு பொறி. பிரான்சில் ‘மெனு’ என்றால் செட் சாப்பாடு. விலைப்பட்டியல் வேண்டுமானால் ‘லா கார்த்’ என்று கேட்க வேண்டும். ‘ஆந்த்ரே’ முதன்மைச் சாப்பாடு என்று நினைத்து எடுப்பவர்களும் உண்டு. அது தொடக்கத் தட்டு, முதன்மைத் தட்டு ‘ப்ளா’. கடைக்குள் போனதும் முதல் வார்த்தை “போன்ஜூர்”. அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் கவனிப்பு குறையும், இது மிகையில்லை.

உட்கார்ந்து மலிவாகச் சாப்பிட ‘பூயோன்’ வகைக் கடைகள் இருக்கின்றன. 1896இல் தொடங்கிய பூயோன் ஷார்த்தியே பழையது. பிகால், ரிபப்ளிக் பக்கம் புதியவை. முதன்மைத் தட்டுகள் பல 15 யூரோவுக்குள். வரிசை நீளும், 12 மணிக்கு முன்னரே போய் நில்லுங்கள். காலைச் சாப்பாட்டை ஹோட்டலில் எடுக்கவே வேண்டாம். பேக்கரியில் குரோசான் ஒன்றரை யூரோவுக்குள், சாண்ட்விச்சும் பானமும் இனிப்பும் சேர்ந்த செட் 10 யூரோ அளவில்.

சோறு இல்லாமல் நாள் போகாதவர்கள் மெட்ரோ 2ஆம் பாதையில் லாச்சப்பலில் இறங்கலாம். கார் து நோர் நிலையத்திலிருந்தும் நடை தூரம்தான். போபூர் சாந் தெனி தெருவிலும் ரூ காயிலிலும் தோசை, கொத்து ரொட்டி, ரோல்ஸ் என்று தமிழ்ப் பெயர்ப்பலகைகளே வழிகாட்டும். ஒருவர் வயிறு நிறைய 12 யூரோ அளவு போதும்.

சைவக்காரர் அங்கே கவலைப்படத் தேவையில்லை. பிரெஞ்சுக் கடையில் கவனம் வேண்டும். சாலட்டிலேயே ‘லார்டோன்’ என்ற பன்றித் துண்டு கிடக்கும், வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கும். “சான் வியாந்த், சான் புவாசோன்” என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம். முட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கணக்கு இப்படி வரும்: காலை 4, மதியம் ஃபோர்முல் 19, மாலை கவுண்டர் கோப்பி 2, இரவு லாச்சப்பல் 12. மொத்தம் 37 யூரோ, சுமார் 13,000 ரூபா. அதே நாளை வெளி மேசை, போத்தல் தண்ணீர், இரவுப் பெருஞ்சாப்பாடு என்று கழித்தால் 80 யூரோவுக்குக் குறையாது.

மிஞ்சியதைப் பார்சல் கேட்க வெட்கப்பட வேண்டாம். 2021 ஜூலையிலிருந்து, கேட்டால் கட்டித்தர வேண்டும். கடைசியில் அட்டை இயந்திரம் ‘யூரோவா, இலங்கை ரூபாவா’ என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாவை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் விழும், அது பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதை விட மோசமாகத்தான் இருக்கும்.