மின்சாரமே இல்லாத டைகர் மாத்: ஓல்ட் வார்டனிலிருந்து போப்பம் வரை வழி போடுவது எப்படி

1931இல் முதலில் பறந்த டி ஹாவிலண்ட் டைகர் மாத் என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தில் பேட்டரியும் ஜெனரேட்டரும் கிடையாது. பிற்காலத்தில் யாராவது மாட்டியிருந்தால் தவிர, ரேடாருக்குத் தன்னை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் இருக்காது. திறந்த காக்பிட்டில் காற்று அறைய, மடியில் வரைபடத்தோடு உட்கார்ந்துகொண்டு வான்வெளிச் சிக்கலை அவிழ்க்க முடியாது. அதைத் தரையிலேயே, மேசை மீதே முடித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஓல்ட் வார்டன் விமானதளத்திலிருந்து ஹாம்ப்ஷயரின் போப்பம் புல்தரை வரையிலான பயணத்தை வைத்து அதைப் பார்க்கலாம்.

முதலில் இரண்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு போடுங்கள். சுமார் 64 கடல் மைல் (இனி மைல் என்றாலே கடல் மைல்தான்). பறக்க அல்ல, எதெல்லாம் குறுக்கே வருகிறது என்று பார்க்க. கோடு லூட்டன் விமான நிலையத்தின் கிளாஸ் டி, அதாவது அனுமதி வாங்கியே நுழைய வேண்டிய வான்வெளிக்குள் போகிறது. டன்ஸ்டபிளில் கிளைடர்களை வின்ச் கம்பியால் இழுத்து ஏற்றும் இடத்தைத் தொடுகிறது. வைகம் விமானதளத்தின் மேலாகச் சென்று, பர்க்ஃபீல்டு அணு ஆயுதத் தொழிற்சாலையைச் சுற்றிய ஆர்104 தடைப்பகுதியில் விழுகிறது. அந்தத் தடை தரையிலிருந்து 2,400 அடி வரை. அதன் மேலே ஏறித் தாண்டலாமே என்றால், தலைக்கு மேல் லண்டன் டெர்மினல் பகுதியின் கிளாஸ் ஏ இருக்கிறது. அங்கே கண்ணால் பார்த்தே பறக்கும் (விஎஃப்ஆர்) விமானத்துக்கு இடமே இல்லை. எனவே சுற்றிப் போவதுதான் வழி.

சுற்றும்போது வானிலிருந்து தப்பாமல் தெரியும் நெடுஞ்சாலைகளையும் ஊர்களையும் பிடித்துக்கொண்டு போங்கள். ஓல்ட் வார்டனிலிருந்து மேற்கே எம்1 நெடுஞ்சாலையின் 13ஆம் சந்திப்பு, 11 மைல். போகும் வழியில் வலப்புறம் கார்டிங்டனின் இரண்டு பெரிய ஆகாயக்கப்பல் கொட்டகைகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொடக்கமே தவறு. சந்திப்பில் கிரான்ஃபீல்டின் ஏடிஇசட் (விமானதளத்தைச் சுற்றிய போக்குவரத்து வட்டம்) வலப்புறமும் லூட்டனின் கிளாஸ் டி இடப்புறமும் இருக்கும். அங்கிருந்து பிளெட்ச்லி, பிறகு தென்மேற்கே வெஸ்ட்காட்டின் பழைய ஓடுதளம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே கல்ஹம் ஆய்வுக்கூட வளாகம். கல்ஹம் வழியாகப் போகக் காரணம் உண்டு. வெஸ்ட்காட்டிலிருந்து நேராக நியூபரிக்குக் கோடு போட்டால் பென்சன் விமானப்படைத் தளத்தின் மேட்ஸ் (ராணுவப் போக்குவரத்து) வட்டத்துக்குள் போய்விடும். அந்த வட்டம் 5 மைல் ஆரம், 3,000 அடி உயரம். சட்டப்படி மேட்ஸுக்குள் அனுமதியின்றி நுழையலாம், உள்ளே இருக்கும் ஏடிஇசட்டுக்குள் நுழையக் கூடாது. ஆனால் ஹெலிகாப்டர்கள் நிறைந்த இடத்தில் பேசாமல் குறுக்கே போவது நல்லதல்ல. கல்ஹம் அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது.

அடுத்து டிட்காட். பழைய வழிகாட்டிகளில் அதன் ஆறு குளிர்விப்புக் கோபுரங்கள்தான் அடையாளம். 2014இலும் 2019இலும் அவற்றையும், 2020இல் புகைபோக்கியையும் இடித்துவிட்டார்கள், தேடாதீர்கள். டிட்காட்டின் மேற்கே ஓடும் ஏ34 சாலைதான் அடுத்த வழிகாட்டி, ஆனால் அங்கே சாலையின் மேலேயே ஹார்வெல்லின் பி106 தடைப்பகுதி இருக்கிறது. அதை விலகிப் போய், அதற்குத் தெற்கே சாலையைப் பிடியுங்கள். சாலையை ஒட்டிப் பறக்கும்போது அதை இடப்பக்கம் வைத்துக்கொள்வது பிரிட்டனில் வழக்கம்; எதிரே வருபவரும் அப்படியே செய்வதால் இருவரும் விலகிப் போவீர்கள். நியூபரியைக் கடக்கையில் ஆல்டர்மாஸ்டனின் ஆர்101 தடைப்பகுதி கிழக்கே ஏறத்தாழ ஏழு மைல் தள்ளி இருக்கும்.

போப்பமை நேராகக் குறிவைக்காதீர்கள். வயல்களுக்கு நடுவே ஒரு புல்தரையைத் தவறவிட்டால் இடமா வலமா என்று தெரியாது. ஏ34 போய் ஏ303ஐக் குறுக்கிடும் புல்லிங்டன் வரை போய், இடப்பக்கம் திரும்பி, ஏ303 வழியே நான்கு மைல் போனால் விமானதளம் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. எம்3 நெடுஞ்சாலை வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். உடனே திரும்புங்கள், கிழக்கே 2020இல் வந்த ஃபார்ன்பரோ கிளாஸ் டி இருக்கிறது. ஏ303ஐக் கவனிக்காமல் தெற்கே போய்விட்டால் சவுத்தாம்ப்டனின் கிளாஸ் டி.

மொத்தம் சுமார் 76 மைல். நேர்கோட்டைவிட 12 மைல் கூடுதல், பத்து நிமிடம்தான். உயரம் 1,800 அடி போதும். தலைக்கு மேல் படிப்படியாக இருக்கும் கட்டுப்பாட்டு வான்வெளியில் ஒவ்வொரு படியும் தொடங்கும் உயரத்தையும் நடப்பு 1:2,50,000 வரைபடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். கட்டுப்பாட்டு வான்வெளிக்கு பக்கவாட்டில் 2 மைல், செங்குத்தாக 200 அடி விட்டுப் பறங்கள் என்பது பிரிட்டிஷ் சிவில் விமான ஆணையத்தின் அறிவுரை. டைகர் மாத்தில் இதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்வது நல்லது. வெப்பக்காற்று சிறிது நேரத்திலேயே 200 அடி தூக்கிவிடும் நாள்கள் உண்டு.

எரிபொருள் கணக்கு எளிது. மேல் இறக்கையின் நடுத்தொட்டியில் 19 இம்பீரியல் கேலன், அதாவது 86 லிட்டர். 130 குதிரைத்திறன் ஜிப்சி மேஜர் மணிக்கு சுமார் 32 லிட்டர் குடிக்கும். காற்றில் வேகம் 70 நாட் (மணிக்கு 70 கடல் மைல்). தென்மேற்கிலிருந்து 15 நாட் எதிர்க்காற்று என்றால் தரைவேகம் 55. பயணம் 83 நிமிடம், 44 லிட்டர். எஞ்சின் ஓட்டிப் பார்க்கவும் ஏறவும் 5, முக்கால் மணி நேரக் கையிருப்பு 24, ஆக 73. இதில் மிச்சம் அதிகமில்லை. எனவே எம்1ஐக் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றில்லாமல் ஒன்பதரை நிமிடம். பன்னிரண்டு ஆனால் கணக்குப் போட்ட காற்று அப்படியே இருக்கிறது. பதினைந்து ஆனால் தரைவேகம் 44தான், திரும்பிவிடுங்கள். மாற்றுத் தளம் தேர்ந்தெடுக்கும்போது பிரேக் இல்லாததும், வாலில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை இருப்பதும் நினைவிருக்கட்டும். தார் ஓடுதளம் மட்டுமே உள்ள இடம் உதவாது. பைசெஸ்டர் புல்தரை நல்ல தேர்வு. ஆனால் அதன் தென்மேற்கில் வெஸ்டன் ஆன் த கிரீன் பாராசூட் வட்டம், டி129, இருக்கிறது.

காம்பஸைப் பற்றி ஒரு விஷயம். பலர் டேப்லெட்டைத் தொடையில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அதன் உறையில் உள்ள காந்தமும் கையடக்க ரேடியோவின் ஒலிபெருக்கியும் முழங்கால்களுக்கிடையே இருக்கும் பி வகைக் காம்பஸைப் பல டிகிரி இழுத்துவிடும். இருக்கையில் உட்கார்ந்து, கருவியை மெதுவாக அருகே கொண்டுவந்து முள் அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் வேறிடம். காந்தவிலக்கம், அதாவது காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம், இன்று தென் இங்கிலாந்தில் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. போர்க்காலக் கையேடுகளின் பத்து டிகிரி மேற்கை அப்படியே எடுத்துப் போட்டால் 30 மைலில் ஐந்து மைல் விலகிவிடுவீர்கள். காகித வரைபடத்தை வழி மட்டும் தெரியும்படி மடித்து நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். விரித்த தாளைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமை முந்தைய இரவும், கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் பாருங்கள். கோடை வார இறுதிகளில் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் காட்சிகளுக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்கும் தற்காலிகத் தடைவட்டங்கள் வரும். ஓல்ட் வார்டனிலேயே காட்சி நாள்களில் தளம் மூடப்படும். இரண்டு தளங்களுக்கும் முன்னனுமதி தேவை.

கையடக்க ரேடியோ கொண்டுபோனால் 8.33 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை இடைவெளி உள்ளதாக இருக்கட்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பழைய மேக்னெட்டோவின் கம்பிகளுக்கு உலோகக் கவசம் இல்லையென்றால் காதில் எஞ்சின் இரைச்சல் மட்டுமே கேட்கும். அதைத் தரையிலேயே எஞ்சினை ஓட்டிச் சோதியுங்கள். ஸ்கைஎக்கோ போன்ற பேட்டரிக் கருவி உங்களைப் பிற விமானிகளுக்குக் காட்டும். ஆனால் அது டிரான்ஸ்பாண்டருக்கு ஈடாகாது, எனவே டிரான்ஸ்பாண்டர் கட்டாயமான டிஎம்இசட் பகுதிகளை ஒதுக்கியே போங்கள்.

வழி தவறினால் மேலே ஏறாதீர்கள், ஊகித்துக்கொண்டு முன்னேறாதீர்கள். தெரிந்த அடையாளத்தின் மேல் வட்டமிட்டு 121.5 என்ற அவசர அலைவரிசையில் லண்டன் சென்டரை அழையுங்கள்; உங்கள் குரலின் திசையைக் கொண்டே இடம் சொல்ல முயல்வார்கள். ரேடியோ இல்லையென்றால் கடைசியாக உறுதியாகப் பார்த்த சாலைக்குத் திரும்புங்கள்.

திரும்பும் பயணத்துக்கு முன் போப்பமில் புரொப்பெல்லரைச் சுற்றப் பயிற்சி பெற்ற ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஜிப்சி மேஜர் தலைகீழ் எஞ்சின், சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். நின்றிருக்கும்போது எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். சுவிட்சுகள் அணைந்திருப்பதை வெளிப்புறத்தில் பார்த்து உறுதி செய்து, சக்கரத்துக்கு முட்டு வைத்து, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் பலம் கொடுக்காதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.