முழங்கால் ஆழக் குளத்தில் பைக் மீன்: ஃபிளை தூண்டிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பைக் என்று தமிழில் எழுதினால் இரண்டு சக்கரமும் ஹெல்மெட்டும்தான் கண்ணில் வரும். இங்கே பேசப்போவது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்ந்த நன்னீரில் வாழும் மீனைப் பற்றி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் நீண்ட ஈட்டியையும் குறிக்கும். வாத்து அலகு போல் தட்டையான மூக்கு, உள்நோக்கிச் சாய்ந்த பற்கள், பச்சை உடலில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதுகுத் துடுப்பு வால் அருகே போய் உட்கார்ந்திருக்கும். நெடுந்தூரம் துரத்துவதற்கான உடல் அல்ல அது. நாணல் ஓரத்தில் அசையாமல் நின்று, இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலில் முடிப்பதற்கான உடல்.

ஆழமில்லாத குளத்தில் அதைப் பிடிக்க ஃபிளை தூண்டிலைப் போல் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் கருத்து. உலோகத் தகடோ மரமீனோ பொய் இரையாகப் போட்டால், நிறுத்திய நொடியில் மூழ்கிப் பாசியில் சிக்கும், அல்லது மேலே மிதந்துவிடும். இறகும் முடியும் கட்டிய ஃபிளை என்னும் பொய் இரை, தண்ணீரில் மெல்ல விழுந்து, நிறுத்தினாலும் பாசிக்கு மேலே சற்று நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். பைக் கவ்வுவது பெரும்பாலும் அந்தத் தொங்கலின்போதுதான்.

படி 1: கருவிகள்

சாதாரணத் தூண்டிலில் இரையின் எடை நூலை இழுத்துச் செல்லும். ஃபிளை தூண்டிலில் எடை முழுவதும் தடித்த நூலில் இருக்கிறது. சாட்டையைச் சொடுக்கும்போது நுனி போவது போல, நூலின் பின்னால் ஃபிளை போகிறது. நூலின் எடையைக் காட்ட ஒரு எண் உண்டு; ஆகவே கோலும் நூலும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். பைக்கிற்கு 8 அல்லது 9 எண், சுமார் 2.7 மீட்டர் நீளக் கோல். இந்தப் பருமன் மீனின் பலத்துக்காக மட்டுமல்ல. ஈரமேறிய பெரிய ஃபிளையைக் காற்றில் சுமப்பதற்காகவும்தான். நூல் மிதக்கும் வகையாக, முன்பகுதி கனத்ததாக இருக்கட்டும். ரீலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குளத்து மீன் நூறு மீட்டர் ஓடப்போவதில்லை.

நூல் முனையில் லீடர் என்னும் நைலான் இழை: ஒன்றரை மீட்டர், 10 கிலோ தாங்குவது. அதன் முனையில் 30 சென்டிமீட்டர் மெல்லிய கம்பி. இந்தக் கம்பியை விட்டுவிடத் தோன்றும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் வீச்சு அழகாக வரும். நானும் ஒருமுறை அப்படித்தான் நினைத்தேன். தடித்த நைலான் போதும் என்று கட்டி, முதல் கவ்வலிலேயே வெட்டுப்பட்ட முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயில் முள்ளோடு எங்கோ ஒரு மீன் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கம்பி இல்லாமல் ஒரு வீச்சுகூட இல்லை. கம்பிக்கும் லீடருக்கும் நடுவே ஒரு சிறு சுழலி வைத்தால் முடிச்சும் எளிது, முறுக்கும் ஏறாது. நைலான் முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க மறக்காதீர்கள்.

ஃபிளை 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் போதும். தூண்டில் முள்ளின் அளவு எண் 2/0 முதல் 4/0 வரை. முயல் தோல் பட்டையில் கட்டியவை தண்ணீரில் உயிருள்ளது போல் நெளியும், ஆனால் நீரைக் குடித்து நனைந்த துணியாகிவிடும். தொடங்குபவர் செயற்கை இழையிலோ மான் வால் முடியிலோ கட்டியதை எடுப்பது நல்லது. ஒரு சொடுக்கில் நீர் உதிர்ந்துவிடும். தெளிந்த நீருக்கு வெள்ளை, கலங்கலுக்குக் கருப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை. மூன்று நிறம் போதும். முள்ளின் வாயை மறைக்கும் நைலான் வளையம் கட்டிய ஃபிளையாக இருந்தால் பாசியில் சிக்குவது குறையும். வாங்கியதும், முள்ளின் கூர்நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். காரணம் படி 6-இல் புரியும்.

வெயிலில்லாத நாளிலும் முனைவாக்கக் (போலரைஸ்டு) கண்ணாடி வேண்டும். நீர்ப்பரப்பின் பளபளப்பை அது வெட்டுவதால் பாசியின் இடைவெளிகள் தெரியும். அதைவிட முக்கியமாக, கையளவு ஃபிளை உங்கள் முகத்தருகே பறக்கப்போகிறது. தொப்பியும் அதற்காகவே.

படி 2: மீன் எடுக்கும் சாமான்களைத் தயாராக வைத்தல்

முதல் வீச்சுக்கு முன்பே இவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்: முடிச்சில்லாத ரப்பர் வலையிட்ட அகலமான கைவலை, 25 சென்டிமீட்டருக்குக் குறையாத நீண்ட மூக்குக் குறடு, முள்ளையும் கம்பியையும் வெட்டும் வெட்டுக்குறடு, மீனைக் கிடத்த ஈரப்படுத்திய மெத்தைவிரிப்பு. இவை நான்கும் இல்லாமல் பைக் பிடிக்கப் போகாதீர்கள். அந்த நீர்நிலைக்கான உரிமம், தடைக்காலம், மீனை விட்டுவிட வேண்டும் என்ற விதி ஏதேனும் உண்டா என்பவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: நாளும் இடமும்

பனி விலகியதும், நீர் இன்னும் சில்லென்றிருக்கும்போதே, பைக் ஆழமற்ற புல்வெளி நீருக்கு வந்து முட்டையிடும். அந்த வாரங்களில் அவற்றை விட்டுவிடுவோம். அதன் பிறகான வசந்தமும், பாசி மடியத் தொடங்கும் இலையுதிர்காலமும்தான் ஆழமற்ற குளத்தின் பொற்காலம். கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போகாதீர்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் நீந்திப் போவது போல் போய்ப் பிறகு செத்து மிதக்கும். ஒரு சிறு வெப்பமானியைப் பையில் போட்டுக்கொள்வது பெரிய சுமை அல்ல.

மேகமூட்டமும் நீர்ப்பரப்பைக் கலைக்கும் அளவுக்கு மென்காற்றும் நல்லது. கண்ணாடி போல் நீர் அசையாமல் கிடக்கும் நடுப்பகலில் வீட்டில் ஃபிளை கட்டலாம்.

குளத்தைப் பார்த்தவுடன் நடுவே எறியத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் பைக் விளிம்பில் வாழ்வது: நாணல் முடியும் கோடு, அல்லி இலைகளுக்கு இடையே உள்ள சந்து, விழுந்துகிடக்கும் மரத்தின் நிழல், ஓடை வந்து சேரும் வாய், முழங்கால் ஆழம் இடுப்பளவாக மாறும் சரிவு. சிறு மீன்கள் திடீரென்று சிதறித் துள்ளினால், அங்கே ஒரு பெரிய வாய் இருக்கிறது என்று பொருள்.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் சில நாட்கள் நேராகக் கரை விளிம்புக்கு நடந்துபோய் நின்று, தொலைவில் எறிந்துகொண்டிருந்தேன். ஒரு காலையில், நான் கால்வைத்த நொடியில் காலடியிலிருந்தே ஒரு நீரலை குளத்தின் நடுவை நோக்கிச் சீறிப்போனது. நான் தேடிவந்த மீன் அதுதான், என் செருப்பிலிருந்து ஒரு முழத் தொலைவில் படுத்திருந்திருக்கிறது. ஆழமற்ற நீரில் நிலத்தின் அதிர்வு நன்றாகவே மீனுக்கு எட்டும். ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் பின்னாலேயே நில்லுங்கள். மெல்ல நடங்கள். உங்கள் நிழல் நீரில் விழாமல் பாருங்கள். நீருக்குள் இறங்கவே வேண்டாம். குளத்துச் சேறு மீனைக் கலைப்பதோடு உங்களையும் விழுங்கும்.

படி 4: வீச்சு

12 மீட்டர் எறியத் தெரிந்தால் போதும். இதைப் புல்தரையில், முள்ளை வெட்டியெடுத்த ஃபிளையோடு பழகிவிட்டு வாருங்கள்.

கோலின் நுனியை நீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, தளர்ந்த நூலை இடக்கையால் இழுத்துக்கொள்ளுங்கள். கோலை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பின்னே கொண்டுபோங்கள். தோளைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். இப்போது காத்திருங்கள். கனத்த ஃபிளையோடு நூல் பின்னால் நீள நேரம் பிடிக்கும்; கோல் பின்னே இழுபடுவதைக் கை உணரும். அப்போது தலைக்கு மேலாக முன்னே செலுத்தி, கண் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். பின்னே போவது பக்கவாட்டில், முன்னே வருவது தலைக்கு மேல் என்று வளைந்து வருவதால் ஃபிளை உங்கள் காதைத் தேடி வராது. கோல் பிடித்த கையின் பக்கமிருந்து காற்று வந்தால் இடத்தை மாற்றுங்கள். வீரம் காட்ட வேண்டாம்.

ஃபிளையை நீரில் இறக்காமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசும் வெற்று வீச்சு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஐந்தாறு முறை விசிறுவது கைக்கு வலி, மீனுக்கு எச்சரிக்கை.

எறியும் வரிசை முக்கியம். முதல் வீச்சு கரையை ஒட்டி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். பிறகு விசிறி விரிவது போல் சிறிது சிறிதாக நடுவை நோக்கி. எட்டு பத்து வீச்சில் எதுவும் நடக்காவிட்டால் பத்தடி நகருங்கள்.

படி 5: இழுப்பும் கவ்வலும்

ஃபிளை விழுந்ததும் கோல் நுனியை நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, நேராக ஃபிளையை நோக்கிப் பிடியுங்கள். நூலைக் கோல் பிடித்த கையின் ஆள்காட்டி விரலடியில் கொடுத்து, மறுகையால் ஒரு சாண், இரண்டு சாணாக இழுங்கள். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மூன்று குட்டை இழுப்பு, நீண்ட நிறுத்தம். அடிபட்ட மீன் சீராக நீந்தாது. உங்கள் கையும் சீராக இருக்கக்கூடாது. பைக்கின் கண்கள் தலையின் மேற்பகுதியில் இருப்பதால் மேலே போவதை நன்றாகப் பார்க்கும். ஃபிளை பாசிக்கு மேலே ஒரு சாண் இருந்தால் போதும், அடியைத் துழாவ வேண்டியதில்லை.

சில நேரம் ஃபிளையின் பின்னே நீர் ஆங்கில வி எழுத்தாக மேடிட்டு வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை உறைந்துவிடும். உறையவிடாதீர்கள். இரண்டு வேக இழுப்பு கொடுத்துப் பட்டென்று நிறுத்துங்கள். இன்னும் கவ்வாமல் கரைவரை வந்துவிட்டால், ஃபிளையை நீரைவிட்டு எடுக்காமல், கோல் நுனியால் கரைக்கு இணையாகத் திருப்பி இழுங்கள். அந்தத் திருப்பத்தில் கவ்வும் மீன்கள் ஏராளம். இதனால் நான் எந்த இழுப்பையும் கடைசி முழம்வரை முடிக்காமல் விடுவதில்லை.

கவ்வியதும் கோலை மேலே தூக்கக் கூடாது. டிரவுட் மீன் பிடித்துப் பழகியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. நான் இப்படி இழந்த மீன்களை எண்ணிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பைக்கின் வாய் எலும்பு. வளையும் கோல் அதில் முள்ளை ஏற்றாது. கோல் நீரை நோக்கியே இருக்க, நூல் பிடித்த கையால் நீளமாக, அழுத்தமாக ஒரு இழு. கனம் தெரிந்தால் இன்னொரு இழு. அதன் பிறகே கோலை உயர்த்துங்கள். பாசிக்குள் ஓடப்பார்த்தால் கோலைத் தாழ்வாகப் பக்கவாட்டில் சாய்த்துத் தலையைத் திருப்புங்கள். சண்டையை நீட்டி ரசிக்க வேண்டாம்.

படி 6: கையில் வந்த பிறகு

கைவலையை முன்பே நீரில் அமிழ்த்தி, மீனை அதன் மேலே கொண்டுவாருங்கள். வலையால் துரத்தினால் கடைசிப் பாய்ச்சல் ஒன்று நிச்சயம். வலைக்குள் வந்ததும் நீரிலேயே வைத்து அதை மூச்சு வாங்கவிடுங்கள், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதிர்முனை நசுக்கிய முள் என்றால், பெரும்பாலும் நீருக்குள்ளேயே குறட்டால் பிடித்துத் திருகிய நொடியில் வந்துவிடும். ஆழமாகப் போயிருந்தால் மீனை ஈர விரிப்பில் கிடத்தி, செவுள் மூடியின் உள்விளிம்பில் விரல்களை நுழைத்து, முகவாய் எலும்பு சேரும் இடம்வரை முன்னே நகர்த்துங்கள். சிவந்த செவுள் இழைகளை விரல் தொடக்கூடாது. மெல்ல உயர்த்தினால் வாய் தானே திறக்கும். முள் பிடிவாதம் பிடித்தால் வெட்டுக்குறட்டால் வெட்டிவிடுங்கள்; ஒரு முள்ளின் விலை ஒரு மீனைவிட அதிகமல்ல. கண்ணைக் குத்திப் பிடிப்பதும், தாடையில் தொங்கவிட்டுத் தூக்குவதும் கூடவே கூடாது.

படம் எடுப்பதாக இருந்தால் கேமரா தயாரான பிறகே மீனைத் தூக்குங்கள், வயிற்றுக்கடியில் ஒரு கை தாங்க. உங்களால் மூச்சை அடக்க முடிகிற நேரத்துக்குள் அது நீருக்குத் திரும்பியிருக்க வேண்டும். 1986-இல் ஜெர்மனியின் கிரெஃபெர்ன் ஏரியில் 25 கிலோ பைக் ஒன்று பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவானது. உங்கள் குளத்து மீன் இரண்டு கிலோ இருந்தாலும் இதே கவனம்தான்.

விடும்போது நீரில் நிமிர்த்தி, வாலடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். செவுள்கள் சீராக மூடித் திறக்கத் தொடங்கும். பிறகு வால் உங்கள் கையை உதறி, முகத்தில் ஒரு கை நீரை அடித்துவிட்டுப் போகும்.