கொரிய மொழியில் வெட்கம்: எங்கே தவறுகிறோம்?

“உங்கள் உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே” என்று ஒரு கொரியர் பாராட்டுகிறார். நீங்கள் நெளிந்துகொண்டே “சாங்பிஹேயோ” என்கிறீர்கள். அவர் குழம்பிப்போவார், பாராட்டியதில் என்ன அவமானம் வந்தது என்று. அங்கே வரவேண்டியது “சுக்ஸுரொவோயோ”. நம் கூச்சத்துக்கு அப்படியே பொருந்தும் சொல்.

ஆங்கில அகராதி வழியாகப் போவதுதான் பெரிய தவறு. வெட்கம், கூச்சம், அவமானம், சங்கடம் என்று நாம் பிரித்துச் சொல்வதை அது ஒன்றிரண்டு சொல்லில் அடைத்துவிடும். தமிழிலிருந்து நேராகப் போங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

அதிகம் தடுமாற வைப்பவை அவமானத்தைச் சொல்லும் சாங்பியும் வெட்கத்தைச் சொல்லும் புக்குரொப்தாவும். சாங்பிக்கு நாலு பேர் பார்க்க வேண்டும். பனியில் வழுக்கி விழுகிறீர்கள், பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கிறது: அது சாங்பி. ஆளில்லாத தெருவில் விழுந்தால் வலி மட்டும்தான். புக்குரொப்தாவுக்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை. அம்மாவின் பின்னால் ஒளியும் குழந்தைக்கும் அதே சொல், மனசாட்சி உறுத்துவதற்கும் அதே சொல். ஜப்பானிய ஆட்சியின்கீழ் 1941இல் கவிஞர் யுன் டோங்-ஜு, சாகும்வரை வானத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு புள்ளி வெட்கமும் இல்லாதிருக்க வேண்டும் என்று எழுதினார். அங்கே அவர் வைத்தது இந்தச் சொல்லின் பெயர்வடிவமான புக்குரொம். அதை எடுத்துவிட்டு சாங்பியைப் போட்டால் கவிதையே சரிந்துவிடும்.

இலக்கணத்திலும் ஒரு இடறல் உண்டு. தன் வெட்கத்துக்கு “புக்குரொவோயோ”, அடுத்தவர் வெட்கத்துக்கு “புக்குரொவோஹேயோ”. “எனக்கு வெட்கமாக இருக்கிறது”, “அவள் வெட்கப்படுகிறாள்” என்று நாமும் பிரித்துத்தானே பேசுகிறோம்? அதே கணக்குதான்.

நாடகம் பார்த்துக் கற்றவர்கள் “ச்சோக்பல்லிதா”வைப் பேராசிரியரிடமே சொல்லிவிடுவார்கள். “ச்சோக்” முகத்துக்கான கொச்சைச் சொல், “பல்லிதா” விலைபோவது; சேர்த்தால் நம் “மானம் போச்சு” மாதிரி. நண்பர்களோடு சரி, பெரியவர்களிடம் சாங்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவோடு டிவி பார்க்கும்போது முத்தக் காட்சி வந்தால்? யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது. அதற்கு “மின்மாங்ஹாதா” என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது.

அப்புறம் “யொம்ச்சி”, அதாவது வெட்கம் மானம் அறிந்த உணர்வு. உதவி கேட்க வருபவர் “யொம்ச்சியொப்ச்சிமான்” என்று ஆரம்பித்தால், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன் என்று பணிகிறார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மிரள வேண்டாம். அதே யொம்ச்சி இல்லை என்று அவரைப் பார்த்து நீங்கள் சொன்னால் மட்டும் அது வசை.