பழைய டேபிள் சா (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழன்று மரம் அறுக்கும் மெஷின்) வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள், முதலில் பெயர்த் தகட்டைத் தேடிப் போட்டோ எடுங்கள். கிராஃப்ட்ஸ்மேன் என்று இருந்தால் அது சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் விற்றது, செய்தது வேறு நிறுவனம். மாடல் எண் 113 என்று தொடங்கினால் எமர்சன் எலக்ட்ரிக் செய்தது. டெல்டா நிறுவனத்தின் யூனிசா மாடல் 1939இல் வந்தது, அதற்கு இன்றும் மதிப்பு அதிகம். தகடே இல்லையா? மோட்டார் பின்னால் வெளியே தொங்கினால் கான்ட்ராக்டர் வகை, மூடிய பெட்டிக்குள் இருந்தால் பெரும்பாலும் கேபினட் வகை. இடமும் தூக்க ஆளும் இருந்தால் நான் கேபினட் வகையைத்தான் சொல்வேன், அதிர்வு அவ்வளவு குறைவு.

மேலாகப் படிந்த துரு பெரிய விஷயமில்லை, தேய்த்தால் போய்விடும். ஆனால் வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள், குறிப்பாக மேசைக்கு அடியில் பிளேடைச் சாய்க்கும் பாகங்களில், டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு மாட்டும் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கலாம், அதை மாற்றிவிடலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். இரும்பு ஸ்கேலை மேசைமேல் மூலைவிட்டமாக நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரிந்தால் மேசை சமமாக இல்லை.

தொழிற்சாலையில் இருந்து வந்ததென்றால் மோட்டார் த்ரீ ஃபேஸாக இருக்கக்கூடும், சிங்கிள் ஃபேஸ் வீட்டு இணைப்பில் நேராக ஓடாது. பழைய மெஷின்களில் ரைவிங் நைஃப், அதாவது பிளேடுக்குப் பின்னால் நின்று அதோடு ஏறி இறங்கும் தகடு, அநேகமாக இருக்காது. மரம் பிளேடின் பின்பக்கத்தில் சிக்கி உங்கள்மேல் பாய்வதைத் தடுப்பது அதுதான், எனவே அதே வேலையைச் செய்யும் பொருத்தமான ஸ்ப்ளிட்டர் தகடு ஒன்று மாட்டாமல் முதல் பலகையைக்கூட அறுக்காதீர்கள்.