கன்சல்டன்சி பேரோலிலிருந்து கிளையன்ட் பேரோலுக்கு மாறுவது எப்படி?

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் ஆள். சென்னை பெருங்குடியில் ஐந்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கிளையன்ட்டுக்கு வேலை பார்த்தேன். சம்பளம் மட்டும் ஒரு கன்சல்டன்சியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே நிரந்தர ஊழியர்களுக்கு ஐடி கார்டு டேக் நீலம், எங்களுக்கு ஆரஞ்சு. கேன்டீன் வரிசையைப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நீல டேக்குக்கு மாற இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை நானே கெடுத்துக்கொண்டேன்.

அந்தக் கதை சின்னதுதான். ஒருநாள் டீக்கடையில் கிளையன்ட் மேனேஜர், "உங்களை எங்க பேரோல்லயே எடுத்துடலாம்னு பார்க்கிறேன்" என்றார். சந்தோஷத்தில் அன்று மாலையே கன்சல்டன்சி அக்கவுன்ட் மேனேஜருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். அடுத்த வாரம் கிளையன்ட்டின் வெண்டர் பிரிவுக்கு (கன்சல்டன்சி மாதிரி வெளி நிறுவனங்களோடு ஒப்பந்தம் பார்க்கும் பிரிவு) ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டி மெயில் போயிருந்தது. மேனேஜர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தப் பத்தி என் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருந்ததல்ல. இதில் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, நீங்களும் கன்சல்டன்சியும் கையெழுத்துப் போட்டது. இன்னொன்று, கன்சல்டன்சியும் கிளையன்ட்டும் போட்டுக்கொண்டது. இரண்டாவதை உங்கள் கண்ணில் காட்டவே மாட்டார்கள். எங்கள் ஆளை இத்தனை மாதத்துக்கு நேரடியாக எடுக்கக் கூடாது, எடுத்தால் இவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கட்டணம் பெரும்பாலும் வருடச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் எண். 'கான்ட்ராக்ட் டு ஹயர்' (முதலில் ஒப்பந்தம், பிறகு நிரந்தரம்) வகையாக இருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கட்டணமில்லாமலே எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட எழுதியிருப்பார்கள்.

அதனால் இரண்டாவது தடவை நான் கன்சல்டன்சியிடம் வாயே திறக்கவில்லை. மேனேஜரிடம் ஒரே ஒரு உதவி கேட்டேன்: "உங்க வெண்டர் டீம்ல என்னோட கன்வெர்ஷன் டெர்ம்ஸ் என்னன்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" நாலு நாளில் பதில் வந்தது. ஒரு வருடம் தாண்டிவிட்டதால் கட்டணமே கிடையாதாம்! முதல் தடவையும் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அப்போது ஒரு வருடத்துக்கு வெறும் மூன்று வாரம்தான் பாக்கி.

சரி, உங்கள் காகிதத்துக்கு வருவோம். 'வேலையை விட்ட பிறகு ஒரு வருடத்துக்குக் கிளையன்ட்டிடம் சேரக் கூடாது' என்று அதில் இருந்தால் நடுங்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, வேலையை விட்டுப் போனவர் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. ஆனால் நோட்டீஸ் பீரியட் அப்படியல்ல, அதை முடித்துக் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். பயிற்சிக்கோ ஆளெடுப்புச் செலவுக்கோ பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் சும்மா என்று நினைத்துவிடாதீர்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் போனவரிடம் 2 லட்சம் வாங்கியது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வாட்ஸாப் குரூப்பில் கேட்காதீர்கள், அதே கன்சல்டன்சி ஆட்கள் அதில் இருப்பார்கள்.

ஆஃபர் லெட்டர் கையில் வரும்வரை ராஜினாமா கிடையாது. வாய் வார்த்தை போதாது, 'அப்ரூவல் ஆயிடுச்சு' என்பதும் போதாது. வந்ததும் பேனாவும் காகிதமுமாக உட்காருங்கள். என் கணக்கைச் சொல்கிறேன். கன்சல்டன்சியில் என் சிடிசி, அதாவது எனக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, 10.75 லட்சம். பிஎஃப் குறைந்தபட்சமான 1,800 ரூபாய்தான் பிடித்தார்கள், வரிக்கு முன் மாதம் 86,000 கைக்கு வந்தது. கிளையன்ட் தந்த ஆஃபர் 14 லட்சம். வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் வேரியபிள் (மாதாமாதம் வராத, உறுதியில்லாத பங்கு) மட்டும் 1.4 லட்சம். பேசிக் 7 லட்சம், அதில் கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், அதாவது 84,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 33,670. இவை போக மாதம் 95,194. அதில் என் பங்கு பிஎஃப் 7,000 போனால் 88,194. பாயசத்துக்கு அர்த்தம் மாதம் 2,194 ரூபாய்தான்! பிஎஃப்-இல் சேருவதும் நம் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கடன் தவணை பிஎஃப்-இலிருந்து போகாது. ஹெச்ஆரிடம் இந்தக் கணக்கை அப்படியே வைத்தேன். வேரியபிளைப் பாதியாக்கி மீதியைச் சம்பளத்தில் சேர்த்தார்கள்.

அடுத்தது சேரும் தேதி. ஆஃபர் வந்தபோது கன்சல்டன்சியில் எனக்கு நாலு வருடம் பத்து மாதம். நோட்டீஸ் 60 நாள். "பையவுட் பண்ணிடறோம், ரெண்டு வாரத்துல வந்துடுங்க" என்றார்கள், அதாவது மீதி நோட்டீஸுக்கான பணத்தைக் கிளையன்ட்டே கட்டிவிடும். மாட்டேன் என்றேன். ஐந்து வருடம் முடிந்தால் எனக்கு கிராஜுவிட்டி. கன்சல்டன்சியில் என் பேசிக் 40,000. அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்து வருடத்துக்குப் பெருக்கினால் 1,15,000 சொச்சம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் கிளம்புகிற நேரத்தில் ஹெச்ஆரோடு அந்த வாதத்தில் இறங்க எனக்குத் தெம்பில்லை. நோட்டீஸை முழுசாக முடித்து, மேலே ஒரு வாரமும் இருந்துவிட்டே கிளம்பினேன்.

ராஜினாமா மெயிலில் எங்கே போகிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. ராஜினாமா மெயில் அனுப்பிய மறுநாள் எனக்கு 'சட்ட நடவடிக்கை', '3 லட்சம்' என்றெல்லாம் ஒரு பதில் வந்தது. போனில் பேசவில்லை, எழுத்திலேயே பதில் போட்டேன்: "என் நியமனக் கடிதத்தின்படி 60 நாள் நோட்டீஸை முழுமையாக முடித்துத் தருகிறேன். நீங்கள் குறிப்பிடும் தொகை அந்தக் கடிதத்தின் எந்தப் பத்தியில் உள்ளது என்று தெரிவிக்கவும்." அதற்குப் பதிலே வரவில்லை.

ஒருவேளை கிளையன்ட், "பேரோல் வேண்டாம், நீங்களே இன்வாய்ஸ் போடுங்கள்" என்றால் அது வேறு பிழைப்பு. பிஎஃப் இல்லை, லீவுக்குப் பணம் இல்லை, தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி), வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. பழைய சம்பளத்தைவிட ஒன்றரை மடங்காவது கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பிஎஃப் பணத்தை எடுக்காமல், அதே யுஏஎன்-இல் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) புதிய கம்பெனி கணக்குக்கு மாற்றுங்கள். பழைய இடத்தில் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசி பிஎஃப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனதும் நீங்களே போர்ட்டலில் பதியலாம். நிதியாண்டின் நடுவில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புதிய ஹெச்ஆரிடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் கழிவு கொடுத்து ஜூலையில் வட்டியோடு வரி கட்ட வைப்பார்கள். ரெஸ்யூமில் ஐந்து வருடமும் கிளையன்ட் பெயரைப் போட்டு வைத்திருக்கிறீர்களா? பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு முன் கன்சல்டன்சி பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பேஸ்லிப். கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு லாகின் மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு இறக்கிவிடுங்கள். என் கடைசி இரண்டு மாத பேஸ்லிப்பை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.